நிகர எடை

காலாண்டு அறிக்கை வெளியாகும் நாளில் வேதமாணிக்கம் புதுச் சவரத்தோடும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடும்தான் அலுவலகத்துக்கு வருவார். அன்று அவரை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. பதினொரு மணிக்கு எண்கள் தாமாகவே உலகத்துக்குப் போய்விடும். ஆனாலும் முப்பத்தொரு வருடப் பழக்கம். 2071ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டுக்கும் அப்படித்தான் வந்திருந்தார். ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருந்தது.

மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே தூத்துக்குடி வான்துறை. கட்டுக்கம்பங்களில் நான்கைந்து வான்கப்பல்கள் சாம்பல் வயிற்றைக் காட்டிக்கொண்டு மெல்ல அசைந்தன. தென்கரையை விட்டு எந்தச் சரக்கு வெளியே போனாலும் அதன் ஏற்றுமதிச் சீட்டு சுங்கத்திலிருந்து இந்தப் புள்ளிவிவர அலுவலகத்துக்கு வரும். உப்பு, கருவாடு, காற்றாலை இறக்கை, எல்லாம் இங்கே ஒரு வரிசை எண்ணாகி, எடையாகி, மதிப்பாகி, நாட்டின் ஏற்றுமதிக் கணக்கில் போய்ச் சேரும். அந்தக் கணக்கு சரி என்று கடைசிக் கையெழுத்துப் போடுகிறவர் துணை இயக்குநர் வேதமாணிக்கம்.

"சார், 99 07 40 பாத்தீங்களா?" என்று கேட்டபடியே உள்ளே வந்தாள் பிரிவு அலுவலர் ராபியா. பதினாலு வருடமாக அவருடைய பிரிவில் இருப்பவள். மரியாதை குறையாமல் வம்பிழுப்பதில் கெட்டிக்காரி.

"பாத்தேன். நாம அனுப்புனதுக்கும் அங்க இறங்குனதுக்கும் வேறுபாடு ரெண்டு சதவீதம். எல்லைக்குள்ளதான இருக்கு?"

"எல்லைக்குள்ளதான் இருக்கு. அதுதான் எனக்கு உறுத்துது. போன காலாண்டு ஒண்ணு புள்ளி ஒம்பது. அதுக்கு முந்தி ஒண்ணு புள்ளி எட்டு. இப்ப ரெண்டு. நம்ம தப்பெல்லாம் எப்பவாச்சும் கோட்டுக்கிட்ட வந்து பிரேக் போட்டு நிக்குமா? ஒரு வாட்டி பூஜ்யம் வரும், ஒரு வாட்டி அஞ்சு வரும். இது என்ன, மெட்ராஸ் ரயிலா, பிளாட்பாரத்துல கரெக்டா வந்து நிக்க?"

"அறிக்கை போற நேரத்துல கிண்டலா? போங்கம்மா, பதினொண்ணு ஆகுது."

அவள் போய்விட்டாள். வேதமாணிக்கம் கையெழுத்தைப் போட்டார். அந்த வரிசையை அவர் எப்போதுமே சற்று வேகமாகக் கடந்துவிடுவார். அதன் தலைப்பு: 'உறைதுயில் பெட்டி, உள்ளடக்கத்துடன்'.

அந்தப் பெண் வந்தது அன்று மதியம். பெயர் பிரகாசி. வேம்பாருக்குத் தெற்கே மணல்துறை என்ற கடற்கரை ஊர். நாற்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை தொங்கியது. வரவேற்பில் இருந்தவர் ஏதேதோ சொல்லியும் கேளாமல் மாடியேறி வந்துவிட்டிருந்தாள்.

"சார், இங்கதான போறது வாறதுக்கெல்லாம் கணக்கு வைக்கிறது?"

"சரக்குக் கணக்கும்மா. என்ன வேணும்?"

"எங்க வீட்டுக்காரர் மிக்கேல். வெல்டர். போன ஆனி மாசம் வடமுனைத் துறைமுகத்துல வேலைன்னு கம்பெனிக்காரன் கூட்டிட்டுப் போனான். பெட்டியில போட்டு உறங்க வச்சு, பத்தொம்பது நாள்ல அங்க கொண்டுபோய் எழுப்புவாவன்னு சொன்னான். இன்னைக்கு வரைக்கும் ஒரு போன் இல்ல. ஏசண்டு ஆபிஸ்ல கேட்டா, 'உம் மாப்பிள்ள பெட்டியிலயே ஏறல, பாதியில ஓடிட்டான், அவன் பெட்டி காலியாத்தான் போச்சு'ன்னு சொல்லுதான்."

பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். பெட்டி எண் 317. கீழே மிக்கேலின் கைரேகை.

"பெட்டிக்குள்ள படுக்க வைக்கது வரைக்கும் நான் கூட நின்னேன் சார். கண்ணாடி மூடி வழியா முகத்தப் பாத்தேன். இப்ப ஊருல என்ன பேசுதாவ தெரியுமா? மதுரையில எவளையோ வச்சிட்டு ஓடிட்டாருன்னு பேசுதாவ. செத்துப்போயிருந்தா ஒரு பூசை வைக்கலாம்னு மாதா கோயில் சாமியார்கிட்ட போனேன். தாள் இருக்கான்னு கேக்காரு. எங்கிட்ட என்ன தாள் இருக்கு? அவிய போனாவன்னு ஒரு தாள் குடுங்க. அது போதும்."

வேதமாணிக்கத்துக்குக் காது மடல் சுட்டது. சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

"இங்க ஆள் கணக்கு கிடையாதும்மா. பயணிகள் பட்டியல் வேணும்னா வான்துறை ஆபிஸ்ல கேளுங்க."

"அங்க கேட்டேன் சார். பெட்டியில போறவங்க பயணி இல்ல, சரக்குன்னு சொன்னாவ. சரக்குக் கணக்கு இங்கன்னு அனுப்புனாவ."

"தனிச் சீட்டு விவரம் வெளிய குடுக்கக் கூடாது. சட்டம் அப்படி. மொத்தத் தொகைதான் வெளியிடலாம்."

"மொத்தத்த வச்சு நான் என்ன செய்ய?"

வேதமாணிக்கம் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் படிப்பதுபோல் பார்த்தார். சற்று நேரம் கழித்து நிமிர்ந்தபோது அறையில் அவள் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தார். வாசலில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குக் கீழே, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேதமாணிக்கத்தின் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் ஒரு பித்தளைக் கேடயம் இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன் தலைநகரத்தில் கொடுத்தார்கள். 'வகைப்பாட்டில் சிறந்த பங்களிப்பு' என்று அதில் பொறித்திருக்கும்.

அப்போதுதான் உறைதுயில் புதிதாக வந்திருந்தது. உடம்பைக் குளிரவைத்து, நிமிடத்துக்கு இரண்டு துடிப்புக்கு இதயத்தைத் தணித்து, பெட்டியில் அடுக்கி அனுப்பினார்கள். சாப்பாடு, கழிப்பறை, இருக்கை எதுவும் வேண்டியதில்லை. அப்படிப் போகிறவர்கள் இரண்டு கணக்கில் வந்தார்கள். பெட்டி சரக்கு எடையில் சேர்ந்தது, ஆள் பயணிகள் பட்டியலில் சேர்ந்தார். வான்துறையின் மொத்த எடை எந்த மாதமும் ஒத்துப்போகவில்லை. வகைப்பாட்டுக் குழுவில் மூன்று கூட்டம் இதைப் பேசியே கழிந்தது. நான்காவது கூட்டத்தில் வேதமாணிக்கம் எழுந்து, பெட்டியையும் உள்ளே இருப்பதையும் சேர்த்து ஒரே வரிசையாக்கிவிடலாம் என்றார். 'உள்ளடக்கத்துடன்' என்ற சொல் அவர் கொடுத்ததுதான். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் நிகர எடையைத் தனியாகக் குறிக்க வேண்டும். கருவாட்டுப் பெட்டிக்கும் அப்படித்தானே குறிக்கிறோம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த மாதமே அட்டவணை ஒரு கிலோ பிசகாமல் ஒத்துப்போனது.

அவர் நினைத்தது அட்டவணையை மட்டும்தான். ஆனால் அரசாங்கமே சரக்கு என்று எண்ணுகிறபோது தனக்கென்ன வந்தது என்று வான்பயண விதி மாறிற்று. அதன் பின்னால் காப்பீட்டு விதி மாறிற்று. பயணிகள் பட்டியல், மருத்துவர், ஆபத்தில் தப்பிக்க உதவும் அவசரக் கூடு எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயின. செய்தித்தாளில் இவற்றைப் படித்த நாட்களில் வேதமாணிக்கம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அறையில் அந்தக் கேடயத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தது எந்த வருடம் என்று அவருக்கே நினைவில்லை. துடைக்க வருகிற அம்மாள் மறுபடி நேராக வைப்பாள். இவர் மறுபடி திருப்புவார்.

பிரகாசி மறுநாளும் வந்து கொட்டகையில் உட்கார்ந்தாள். மாடிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ராபியா அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நேராக இவர் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், பெட்டி காலியாப் போச்சுன்னுதான கம்பெனி சொல்லுது? காலிப் பெட்டிக்கு நிகர எடை என்ன வரும்?"

வேதமாணிக்கம் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வி முதல் நாள் சாயங்காலமே அவருக்கு வந்துவிட்டது. வராத மாதிரி இரண்டு நாள் இருந்தார்.

"பூஜ்யம்" என்றார்.

"அப்ப 317-ஐத் திறப்போமா?"

திறந்தார்கள். அந்தக் காலாண்டில் உறைதுயில் பெட்டியோடு போனது அந்த ஒரே கப்பல்தான், அதில் நானூறு பெட்டி. 317க்கு நேரே மொத்த எடை 323.6, பெட்டி எடை 240, நிகர எடை 83.6 கிலோ.

"ஆளு ஏறியிருக்காரு" என்றாள் ராபியா மெதுவாக. "இவரு போயிருக்காரு சார். அங்க இறங்குனாரா?"

நம்முடைய ஏற்றுமதி அந்த ஊருக்கு இறக்குமதி. இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்படி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதைக் கண்ணாடிச் சோதனை என்பார்கள். எடைபோடும் முறை, தேதி தள்ளிப்போவது, வழியில் வேறு துறைமுகத்தில் இறங்குவது என்று ஏதாவது ஒன்றால் எப்போதும் கொஞ்சம் வேறுபடும். இரண்டு சதவீதம்வரை வேறுபாட்டைக் கேள்வியில்லாமல் ஏற்கலாம் என்று பொதுக் குறிப்பு உண்டு. அந்தக் குறிப்பை எழுதியவரும் வேதமாணிக்கம்தான். வடமுனைப் புள்ளிவிவர அலுவலகத்துக்குச் சோதனைக்காக என்று எழுதிக் கேட்டார்கள். பெட்டி வாரியான பட்டியல் அரை மணி நேரத்தில் வந்தது. வந்து இறங்கியவை முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எட்டு இல்லை. அந்த எட்டில் 317 ஒன்று.

ராபியா நானூறு பெட்டிகளையும் எடை வாரியாக அடுக்கினாள். பின் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள்.

இல்லாமல் போன எட்டும் மேலிருந்து வரிசையாக முதல் எட்டு. 91.2இல் தொடங்கி 83.6இல் முடிந்தது. ஒன்பதாவது பெட்டியின் எடை 83.1. அது பத்திரமாக இறங்கியிருந்தது.

போன இரண்டு காலாண்டுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். முந்நூற்று எண்பதில் ஏழு. நானூற்று இருபதில் எட்டு. அவையும் அப்படியே, கனமானவை.

"பனி" என்றாள் ராபியா. "எங்க மச்சான் லோடிங்ல இருக்காருல்ல, சொல்லுவாரு. மலைத்தொடரத் தாண்டுறப்ப கப்பல் மேல பனி படியும். உயரம் எறங்கிரும். உடனே சரக்க வெளிய தள்ளிப் பாரத்தக் குறைக்கணும். எதக் குறைக்கன்னு மிஷினுதான் முடிவு பண்ணும். எண்ணிக்கையில ரெண்டு சதவீதத்துக்கு மேல போச்சுன்னா கம்பெனிய விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. அதுக்குள்ளன்னா பயண இழப்புன்னு ஒரு வரி எழுதினாப் போதும். அப்ப மிஷினு என்ன பண்ணும்? எண்ணிக்கை கம்மியா, எடை கூடுதலா..." அவள் முடிக்கவில்லை. "உள்ள இருக்கது ஆளுன்னு மிஷினுக்கு யாரு சார் சொல்லியிருக்கா? அதுக்குத் தெரிஞ்சது நம்ம வரிசை எண்தான்."

மூன்று காலாண்டில் இருபத்து மூன்று பேர். மூன்று முறையும் அவர்தான் சரியென்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்று முறையும் அந்த எண் எல்லைக்குள் இருந்ததில் அவருக்கு ஒரு சின்ன நிம்மதி இருந்தது. இப்போது அந்த நிம்மதிதான் நினைவுக்கு வந்து முகத்தை எரித்தது.

"கீழ உக்காந்திருக்கவங்களக் கூப்பிடுங்க" என்றார்.

"சார், சீட்டு விவரத்த வெளிய குடுத்தா வேலை போயிரும். பென்ஷனும் போயிரும். நல்லா யோசிச்சிட்டீங்களா?"

"அச்சடிங்கம்மா. எட்டு வரி போதும்."

ஒன்பதாவது வரியை அவர் சேர்க்கச் சொல்லவில்லை. அரைக் கிலோ வித்தியாசத்தை அந்தப் பெண் பார்க்க வேண்டாம்.

பிரகாசி உள்ளே வந்து உட்கார்ந்தாள். வேதமாணிக்கம் பனி, மலை, பாரம், கேள்வி கேட்காத இரண்டு சதவீதம் எல்லாவற்றையும் எளிதாகச் சொல்ல முயன்றார். அவர் வாயில் 'பெட்டி' என்றும் 'இழப்பு' என்றும்தான் வந்தது. அவள் இடையில் ஒரு தடவைதான் கேட்டாள்.

"முழிச்சிருப்பாவளா சார்?"

"இல்ல. எதுவும் தெரிஞ்சிருக்காது."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். ராபியா பக்கத்தில் போய் நின்று அவள் தோளில் கை வைத்தாள். பிறகு பிரகாசி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தாளக் காட்டுங்க" என்றாள்.

அவர் பட்டியலில் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். "317. இது அவரோட எடை. பெட்டியக் கழிச்சது. காலிப் பெட்டின்னா இந்த இடத்துல பூஜ்யம் இருக்கும். ஆளு உள்ள இருந்தார்ங்கறதுக்கு இதான் அத்தாட்சி. இனி யாரும் ஓடிட்டாருன்னு சொல்ல முடியாது."

"எம்பத்திமூணரைக்கு மேலயா?" அவள் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. "எழுவத்தாறுதான் சார் இருந்தாவ. உறக்கத்துல உடம்பு வத்திரும், நல்லாத் தின்னு தேத்திட்டு வாங்கன்னு ஏசண்டு சொன்னான். ஒரு மாசம் சீலா மீனா வாங்கி ஆக்கிப் போட்டேன். ராத்திரிக்கு முட்டை. 'போதும்டி, பெட்டிக்குள்ள அடங்க மாட்டேன்'னு சிரிப்பாவ. ஏழு கிலோ ஏத்திருக்கேன் பாத்துக்கோங்க."

ராபியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மத்த ஏழு பேரும் யாரு?"

"பேரு எங்கிட்ட இல்ல. பெட்டி எண்தான் இருக்கு."

"அவங்க வீட்டுலயும் என்னைய மாதிரி ஒருத்தி சீட்ட வச்சிட்டு உக்காந்திருப்பால்லா. நான் தேடிப் புடிச்சிக்கிறேன்." விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தாள். எண்ணைக் கூட்டிப் படித்துப் பழக்கமில்லாத விரல். மெதுவாக இறங்கிற்று. பாதியில் நின்றது. மறுபடி மேலே போய் முதலிலிருந்து வந்தது.

"எல்லாம் எம்பதுக்கு மேலயே இருக்கு."

விரலை 317இல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நானூறு பேரு போன கப்பல்ல இந்த எட்டுப் பேரும் கனத்த ஆளுவளாவே இருக்காவ. ஏன் சார்?"

அவர் ஒரு பொய் வைத்திருந்தார். மேல் அடுக்கில் இருந்த பெட்டிகள் என்று சொல்லலாம் என்று நினைத்திருந்தார். அவள் கண்ணைப் பார்த்ததும் அது வாய்க்கு வரவில்லை.

"கனமானதத்தான் எடுத்துப் போட்டிருக்கு" என்றார்.

பிரகாசி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு மாசம் ஆக்கிப் போட்டேன்" என்றாள். கொஞ்சம் முன்னால் சொன்ன அதே வார்த்தைதான்.

பிறகு தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்து எழுந்தாள். கதவுவரை போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"ரெண்டு சதவீதம்வரை கேள்வி இல்லன்னு சொன்னீயளே. அத யாரு சொன்னது?"

ராபியா வாயெடுத்தாள். "அது பொதுவா எல்லா ஊருலயும்..."

"நான்தான்" என்றார் வேதமாணிக்கம். "பயணியில்ல, சரக்குன்னு முதல்ல சொன்னதும் நான்தான்."

சொன்ன பிறகு பாரம் குறையும் என்று எங்கோ படித்திருந்தார். குறையவில்லை. அவள் கத்துவாள், தாளை முகத்தில் எறிவாள் என்று காத்திருந்தார். அவள் அவருடைய வெள்ளைச் சட்டையையும், அலமாரியில் திரும்பி நின்ற கேடயத்தையும், மறுபடி அவரையும் பார்த்தாள்.

"தாள் மட்டும் போதாது சார். எங்க ஊருல பாதிப் பேருக்கு எண்ணு வாசிக்கத் தெரியாது. நீங்க வாங்க. கோயில் முன்னாடி வச்சுத்தான் அவிய ஓடிட்டாருன்னு பேசுனாவ. அதே எடத்துல நின்னு, நீங்க செஞ்சதையும் சேத்துச் சொல்லுங்க. இன்னைக்கே."

"இன்னைக்கேவா?"

"நாளைக்கின்னா வர மாட்டீய."

அது உண்மை. அவருக்கே தெரிந்தது. ராபியா அவருடைய கைப்பையை எடுத்து நீட்டினாள். கணினியில் மூன்றாம் காலாண்டுக்கான திருத்தப் படிவத்தைத் திறந்து வைத்துவிட்டு, "காரணம்னு கேக்குது சார், என்ன போட?" என்றாள்.

"நடந்தத எழுதுங்க. கையெழுத்து நான் போட்டுட்டுப் போறேன்."

பேருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போயிற்று. உப்பளங்கள் வெள்ளையாகப் பின்னால் ஓடின. பிரகாசி ஜன்னலோரம் உட்கார்ந்து பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நடுவில் ஒருவர் உட்காரும் இடம் விட்டு வேதமாணிக்கம் உட்கார்ந்திருந்தார். கோயில் முன்னால் நின்று முதலில் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். 'மூன்று காலாண்டில் இருபத்து மூன்று' என்று தொடங்கினார். அடுத்த சொல்லுக்கு அவர் எவ்வளவு முயன்றும் 'பெட்டிகள்' என்றே வந்து நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அருகே வந்தார். இருவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார்.

"மணல்துறையா? சேந்து வந்தவுகளா? எத்தன பேரு?"

பிரகாசி திரும்பவில்லை. அவர் சொல்லட்டும் என்று இருந்தாள்.

வேதமாணிக்கம் சட்டைப் பையில் சில்லறையைத் தேடினார். கண்டக்டர் பொறுமையிழந்து சீட்டு எந்திரத்தைத் தட்டினார். "பெரியவரே, ஒங்களத்தான். எத்தன பேரு?"

"ரெண்டு பேரு" என்றார் வேதமாணிக்கம்.